ஐந்தாம் நம்பர் டார்கெட்டைக் கிழித்தவர்

சென்ற செவ்வாய்க்கிழமை முற்பகல், சிதம்பரம் கோர்ட்டு வக்கீல்கள் அறையில் ஒரு பாகப்பிரிவினை வழக்கின் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காட்டுமன்னார்கோயிலில் அரிசி மில் வைத்திருக்கும் கோவிந்தராசு விறுவிறுவென்று உள்ளே வந்து என் மேசை முன் நின்றார். சட்டையெல்லாம் தவிடு. மில்லிலிருந்து அப்படியே புறப்பட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"சார், ரவூப் பாய் போய்ட்டாரு. காலைல கடையத் தொறந்து உக்காந்தவரு அப்பிடியே சாஞ்சிட்டாராம். மருமவன் சலீம் மில்லுக்கு போன் பண்ணாரு. சாயங்காலத் தொழுகைக்கு முன்னாடி எடுக்குறாங்களாம். கார் வெளியில நிக்கிது, எழுந்திரிங்க."

என் கை அந்தக் கட்டை மறுபடியும் கட்டத் தொடங்கியது. முடிச்சு விழவே இல்லை. கோவிந்தராசு அதை வாங்கிக் கட்டி மேசையில் வைத்துவிட்டு என் தோளைப் பிடித்து எழுப்பினார்.

கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் இரும்புக் கடை வைத்திருந்த ஜனாப் முகம்மது ரவூப் அவர்களைக் கடைத்தெருவில் அறியாதவர் இல்லை. ஆணி, கீல், தாழ்ப்பாள் வாங்கப் போனவர்கள் அவரை நியாயமான வியாபாரி என்று மட்டும் அறிந்திருப்பார்கள். நான் அறிந்த ரவூப் பாய் வேறு இடத்தில் இருந்தார். ஆறு அடி ஆழக் குழிக்குள், தலைக்கு மேல் குண்டுகள் பறந்துகொண்டிருக்க, தொலைபேசியின் மறுமுனையில் இருந்தார். அந்த மனிதரைப் பற்றி எழுதிவைக்கவேண்டும் என்று தோன்றுகிறது.

சீனாவோடு சண்டை வந்து முடிந்த மறு வருடம் ஊர் ஊராக ரைபிள் கிளப்புகள் தொடங்கினார்கள் அல்லவா? சிதம்பரத்திலும் ஒன்று தொடங்கினோம். கடலூரில் எங்களுக்கு முன்பே இருந்தது. இரண்டு கிளப்புக்கும் ஆண்டுதோறும் கேப்பர் மலை அடிவாரத்தில் போட்டி நடக்கும். சுடுபவர்கள் முந்நூறு கெஜத்துக்கு அப்பால் படுத்திருப்பார்கள். டார்கெட்டுகளுக்குக் கீழே நீளமாக ஒரு குழி. அதன் முன்பக்கம் தடித்த சுவர். குழிக்குள் நிற்பவர்கள் காகிதம் ஒட்டிய மரச்சட்டங்களைக் கயிற்றால் மேலே ஏற்றுவார்கள். குண்டு காகிதத்தைத் துளைத்துக்கொண்டு பின்னாலுள்ள செம்மண் மேட்டில் போய்ப் புதையும். சுட்டு முடிந்ததும் சட்டத்தை இறக்கி, ஓட்டைகளைப் பார்த்து, எத்தனை மதிப்பெண் என்று தொலைபேசியில் சொல்லவேண்டும். நடுவிலிருக்கும் கறுப்புக்கு 'புல்' என்று பெயர், அதற்கு ஐந்து. வெளியே போகப் போக நாலு, மூன்று, இரண்டு.

குழிக்குப் பொறுப்பு போட்டி நடத்தும் கடலூர்க்காரர். மேலே சுடுபவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து மதிப்பெண் எழுதுகிறவர் விருந்தாளியான சிதம்பரத்துக்காரர். ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லாததால் செய்த ஏற்பாடு இது. அப்படித்தான் கம்பியின் ஒரு முனையில் அவரும் மறுமுனையில் நானும் வந்து சேர்ந்தோம்.

முதல் வருடப் போட்டியில் அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே குரலைக் கேட்டேன். "யாரு, சிதம்பரமா? குழியில ரவூப் பேசுறேன். நான் 'தயார்'னு சொல்ற வரைக்கும் ஒரு குண்டு வரக்கூடாது மச்சான். வந்துச்சுன்னா நான் மேல வருவேன்." முன்பின் தெரியாத ஒருவர் மச்சான் என்று அழைத்தது எனக்குச் சிரிப்பாக இருந்தது. அந்தக் குரலில் சிரிப்பு இல்லை. 'தயார்' வருவதற்கு நெடுநேரம் ஆகும். குழியிலிருக்கும் ஒவ்வொருவரின் தோளையும் தொட்டு, தலை சுவருக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சொல்வார் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். மேலே சுடுபவர்கள் பொறுமையிழந்து முணுமுணுப்பார்கள். அவர் அசைந்து கொடுக்கமாட்டார்.

இளமையில் ரங்கூனில் மாமன் கடையில் வேலை பார்த்தவர் அவர். அங்கே விமானங்கள் குண்டு போட்ட நாள்களில் தெருவோரப் பள்ளத்தில் பதுங்கிக் கிடந்து, கால்நடையாக ஊர் திரும்பியவர். துப்பாக்கியை அவர் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை. ஒருமுறை கேட்டேன். "சுடுறது எனக்குப் புடிக்காது மச்சான். ஊர்ல எல்லாரும் ஆசப்பட்டு சுடுறாங்க. அந்த எடத்துல ஒருத்தனாவது சுடாம நின்னு பாத்துக்கணும்ல?" என்றார்.

நடுப்பகல் இடைவேளையில் குழிக்குப் பின்புறம் துண்டை விரித்துத் தொழுவார். பிறகு என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவார். வீட்டிலிருந்து வந்த இறால் வறுவலில் பாதி என் இலைக்கு வரும். சாப்பிடும்போது கடலூர், சிதம்பரம் என்ற பேச்சே எடுக்கமாட்டார்.

அந்த இடைவேளையில்தான் சுற்றுப்புறத்து ஏழைகள் செம்மண் மேட்டுக்கு வருவார்கள். மண்ணைக் கிளறிக் குண்டுகளைப் பொறுக்கி, ஈயத்தை உருக்கி விற்பார்கள். கிளப்புக்கு அது பிடிக்கவில்லை. ஒருமுறை ஒருவரைப் பிடித்துக் காவல் நிலையத்தில் ஒப்படைத்ததும் உண்டு. அதற்குப் பிறகு திருட்டுத்தனமாக வந்தார்களே தவிர, வருவது நிற்கவில்லை.

இனி, அந்த டார்கெட் கிழிந்த வருடத்துப் போட்டிக்கு வருகிறேன். இறுதிச் சுற்றுக்கு ஆறு பேர் வந்திருந்தார்கள். உண்மையான போட்டி இருவருக்குள்தான். நாலாம் நம்பர் டார்கெட்டில் கடலூர் சலீம். ரவூப் பாயின் ஒரே மகளை அந்த ஆண்டுதான் மணந்திருந்தார். ஐந்தாம் நம்பரில் எங்கள் கோவிந்தராசு. அப்போது இருபத்தைந்து வயது, மூக்கு நுனியில் கோபம். ஆளுக்குப் பத்துக் குண்டு. ஒரு நிமிடத்துக்குள் சுட்டுத் தீர்க்கவேண்டும்.

இறுதிச் சுற்று இடைவேளைக்குப் பிறகுதான் நடப்பதாக இருந்தது. பரிசளிக்க வரும் அதிகாரி சீக்கிரம் வருகிறார் என்று தகவல் வந்ததால், இடைவேளையை ரத்து செய்து உடனே நடத்தும்படி போட்டித் தலைவர் சொல்லிவிட்டார். அவர் ஓய்வுபெற்ற தாசில்தார், சொன்னால் சொன்னதுதான். மேட்டின் மறுபுறம் காவலுக்கு நின்ற ஆளுக்கு இதை யாரும் சொல்லவில்லை. அவர் வழக்கமான நேரத்துக்குச் சாப்பிட இறங்கிப் போய்விட்டார். இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது.

"குழி தயார்," என்றார் ரவூப் பாய். தலைவர் விசில் ஊதினார். ஆறு டார்கெட்டுகளும் எழுந்தன. ஆறு துப்பாக்கிகளும் ஒன்றாக வெடித்தன.

பாதி நிமிடம்கூட ஆகியிருக்காது, தொலைபேசி மணி அடித்தது. சுடும்போது குழியிலிருந்து ஒருநாளும் மணி வந்ததில்லை. எடுத்துக் காதில் வைத்தேன். வெடிச் சத்தத்துக்கு நடுவே, "நிப்பாட்டு மச்சான்! ஆளு..." என்று மட்டும் கேட்டது. அப்புறம் கருவி எங்கோ இடித்துத் தொங்கும் சத்தம். நான் எழுந்து தலைவரைப் பார்த்துக் கத்தினேன். அவருக்குக் காதில் விழவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்து, "நிறுத்தச் சொல்லுங்கள், நிறுத்தச் சொல்லுங்கள்!" என்றேன். அவர் என்னை உதறினார்.

அப்போது எதிரே டார்கெட்டுகள் ஒவ்வொன்றாகச் சரிந்து இறங்கின. ஒன்று, இரண்டு, ஆறு, மூன்று, நாலு. சுடுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனதும் துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஐந்து மட்டும் இறங்கவில்லை. கோவிந்தராசு கன்னத்தைக் கட்டையில் அழுத்தியபடி சுட்டுக்கொண்டே இருந்தார். அவர் கண்ணுக்கு அவருடைய டார்கெட் மட்டும்தான் தெரிந்தது.

அந்த ஐந்தாம் நம்பரின் நடுவில், கறுப்பைப் பிளந்துகொண்டு ஒரு கழி வெளியே வந்தது. குண்டு பட்ட இடத்தைக் குழியிலிருந்து காட்டப் பயன்படுத்தும் நீளக் கழி. அது மேலும் கீழுமாக ஆடிக் காகிதத்தை வாரிக் கிழித்தது. கந்தல் காற்றில் பறந்தது. கோவிந்தராசு தலையைத் தூக்கினார். தலைவரின் விசில் அதன் பிறகுதான் ஒலித்தது.

"என் டார்கெட்ட கிழிக்கிறான்யா!" என்று அலறினார் கோவிந்தராசு. "மருமவன் தோக்குறான்னு கிழிக்கிறான்!" துப்பாக்கியை எறிந்துவிட்டு ஓடத் தொடங்கியவரை நாலு பேர் பிடித்து நிறுத்தவேண்டியிருந்தது.

தலைவரும் இரண்டு கிளப்புக்காரர்களும் குழியை நோக்கி நடந்தார்கள். தொலைபேசியை விட்டு நகரக்கூடாது என்பதால் நான் அங்கேயே நின்றேன். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது குழியில் கடலூர்க்காரர்களைத் தவிர யாரும் இல்லை. எல்லோரும் திரும்பி வந்து கொட்டகையில் கூடினார்கள். ரவூப் பாய் கடைசியாக வந்தார். சட்டை முழுக்கச் செம்மண். கிழிந்த காகிதத் துண்டுகளை ஒரு துணியில் பொதிந்து கொண்டுவந்திருந்தார்.

"மேட்டுக்கு மேல ஒரு பொம்பள வந்துட்டாங்க. இடுப்புல கொழந்த. டார்கெட் ஏறி வெடி கெளம்புனதும் பயந்து கால் சறுக்கி, குண்டு விழுற பக்கமே உருண்டு வந்துட்டாங்க. ஆறாம் நம்பருக்கும் அஞ்சாம் நம்பருக்கும் பின்னாடி. எல்லாத்தையும் எறக்கச் சொன்னேன். அஞ்சாம் நம்பர் கயிறு சிக்கிக்கிச்சு. எறங்கல. கிழிச்சேன்," என்றார்.

"அந்தப் பெண் எங்கே?" என்றார் தலைவர்.

"போய்ட்டாங்க. நான்தான் ஓடிப் போகச் சொன்னேன்."

கொட்டகையில் சிரிப்பு எழுந்தது. நல்ல சிரிப்பு அல்ல.

"யார் என்று தெரியுமா?"

ரவூப் பாய் துணிப் பொதியைப் பெஞ்சின்மேல் வைத்தார். "தெரியாதுன்னு பொய் சொல்ல மாட்டேன். யாருன்னும் சொல்ல மாட்டேன். சொன்னா ஸ்டேஷனுக்கு இழுப்பீங்க."

"ஏன் சொல்லமாட்டாரு?" என்று எங்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "பொறுக்குற ஈயமெல்லாம் பாயோட இரும்புக் கடைக்குத்தான் போவுதோ என்னவோ!"

"என் கடைக்குள்ள குண்டு ஈயம் வந்ததில்ல. வேணும்னா இப்பவே ஆள அனுப்பிப் பாருங்க," என்றார் அவர். குரல் உயரவில்லை. கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது.

தலைவர் என்னைக் கேட்டார். நான் கேட்டதைச் சொன்னேன்: "'நிப்பாட்டு மச்சான், ஆளு' என்பது வரை கேட்டது. அதற்குமேல் கேட்கவில்லை." எங்கள் கிளப்பைச் சேர்ந்த ஒருவர், "மச்சான்னு கூப்புட்டா போதும், சாட்சி சொல்லிடுவீங்களோ?" என்றார். அன்று பிற்பகல்வரை எங்கள் ஊர்க்காரர் சிலர் என்னோடு பேசவில்லை.

சலீமின் டார்கெட் முழுசாக இருந்தது. பத்துக் குண்டையும் சுட்டு முடித்திருந்தார். நாற்பத்திரண்டு. கோவிந்தராசுவின் துண்டுகளைப் பெஞ்சின்மேல் பரப்பி ஒட்டிப் பார்த்தார்கள். ஆறு ஓட்டைகள் கிடைத்தன, இருபத்தாறு மதிப்பெண். துப்பாக்கியில் இரண்டு குண்டு மிச்சம். அப்படியானால் இன்னும் இரண்டு ஓட்டைகள் கழி கிழித்த இடத்தில் போயிருக்கவேண்டும். அவை எங்கே விழுந்தன என்று இனி யாராலும் சொல்லமுடியாது. மறுபடியும் முதலிலிருந்து சுடச் சொன்னால் மாட்டேன் என்று கோவிந்தராசு பிடிவாதமாக நின்றார். டார்கெட்டைப் பொறுத்தவரை குழிப் பொறுப்பாளர் சொல்வதே முடிவு என்பது போட்டி விதி. எல்லோரும் ரவூப் பாயைப் பார்த்தார்கள்.

"கிழிச்சது நான். அதுக்கு அவர் தண்டம் கட்டக்கூடாது. அந்த ரெண்டும் புல்லுன்னே எழுதிக்கிங்க. மிச்சமிருக்குற ரெண்டு குண்ட இப்ப சுடட்டும்," என்றார்.

முப்பத்தாறு. இரண்டு குண்டில் ஏழு எடுத்தால் கோப்பை கோவிந்தராசுவுக்கு. சலீம் மாமனாரைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. "மாமா, யாருக்காவ இதப் பண்றீங்க?" என்றார். ரவூப் பாய் குழிக்கு நடந்தார். இந்த முறை மேட்டின் மறுபுறம் இரண்டு பேரை நிறுத்திவிட்டு வெகுநேரம் கழித்து 'தயார்' சொன்னார்.

முதல் குண்டு வெடித்தது. "அஞ்சாம் நம்பர். நாலு." இரண்டாவது குண்டுக்குக் கோவிந்தராசு படுத்துப் படுத்து எழுந்தார். உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். வெடித்த பிறகு குழியில் சட்டம் இறங்கியது. தொலைபேசியில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குப் பின்னால் இரண்டு ஊரும் நின்றுகொண்டிருந்தன.

"அஞ்சாம் நம்பர். நாலு. எழுதிட்டியா மச்சான்?" தன் மருமகன் தோற்றதை, கடையில் ஆணி எடை சொல்வதுபோல் சொன்னார்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. "தப்பு பண்ணாதவரு எதுக்கு விட்டுக் கொடுக்கணும்? மாட்டிக்கிட்டாரு, அதான்," என்று எங்கள் ஆள்கள் பேசிக்கொண்டார்கள். ஜெயித்த கோவிந்தராசுவும், "இந்தக் கோப்பை எனக்குப் பிச்சையா?" என்று கத்தினார். கடலூர்க்காரர்கள் தங்கள் ஊர்க் கோப்பையைத் தாரைவார்த்தவர் என்று ரவூப் பாய் பக்கத்தில்கூட உட்காரவில்லை. கொட்டகையின் ஓரத்தில் ஒரு முக்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் போய் உட்கார்ந்தேன். "தண்ணி இருந்தாக் குடு மச்சான்," என்றார்.

பிற்பகல் பரிசளிப்புக்கு நாற்காலிகள் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து நின்றார். இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். இடுப்பில் கைக்குழந்தை. குழந்தையின் கன்னத்தில் கல் தெறித்த காயங்கள். மஞ்சள் அரைத்துப் பூசியிருந்தது.

"என் பேரு அஞ்சலைங்க," என்றார். "குழியில நின்னவுங்க எங்கூர்ல வந்து சொன்னாங்க. பாய திருடன்னு பேசுறீங்களாம். மேட்டுல உருண்டு விழுந்தவ நான்தான். வெடி நின்னுச்சுன்னு நெனச்சு ஏறிட்டேன். பாய் மட்டும் கிழிக்கலன்னா நானும் எம் புள்ளையும் இல்ல. புடிக்கறதுன்னா என்னப் புடிங்க."

தலைவர் வாசலில் நின்ற போலீஸ்காரரைத் திரும்பிப் பார்த்தார். ரவூப் பாய் எழுந்து அந்தப் பெண்ணுக்கு முன்னால் போய் நின்றார்.

"அவங்களப் புடிச்சா என்னையும் சேத்துப் புடிக்கணும். இடைவேளை கெடையாதுன்னு காவல்காரனுக்குச் சொல்லியாச்சான்னு நான் கேட்டிருக்கணும். கேக்காமயே 'தயார்'னு சொன்னேன். உங்க தப்பு பாதி, எந் தப்பு பாதி. இவங்க தப்பு எதுவும் இல்ல."

தலைவர் போலீஸ்காரரிடம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவர் வெளியே போய்விட்டார்.

கோவிந்தராசு அந்தப் பெண்ணிடம், "எந்த எடத்துல விழுந்தே?" என்று கேட்டார். அஞ்சலை கையைக் காட்டினார். கோவிந்தராசு தனியாக நடந்தார். குழியைத் தாண்டி மேட்டில் ஏறுவது எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை எல்லோரும் காகிதத்தைத்தான் பார்த்திருந்தோம். மேட்டைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அங்கே ஈரச் செம்மண்ணில் ஓர் ஆள் சறுக்கிய தடமும், அதற்கு ஒரு முழம் தள்ளித் தன் குண்டுகள் பெயர்த்த மண்ணும் இருந்ததாகப் பின்னால் என்னிடம் சொன்னார். திரும்பி வரும் வழியில் ஒரு வேலமரத்தடியில் குந்தி வாந்தி எடுத்தார். பிறகு வந்து ரவூப் பாயின் முன்னால் நின்றார். பரிசு மேசையிலிருந்த கோப்பையை எடுத்து நீட்டினார்.

ரவூப் பாய் அதை வாங்கவில்லை. "வச்சுக்க தம்பி. நீ சரியாத்தான் சுட்டே. நானும் சரியாத்தான் கிழிச்சேன்," என்றார்.

மறு வருடம் போட்டிக்குப் போனபோது தொலைபேசியில் வேறு ஒருவர் குரல் கேட்டது. அன்று மாலையே ஓ.டி. கடைக்குப் போய்க் கேட்டேன். "இனிமே என்னால குழியில நிக்க முடியாது மச்சான். மொறைப்படி எல்லாம் பண்ணிடலாம். ஆனா டார்கெட் மேல ஏறுறப்ப கண்ணு மேட்டுப் பக்கமே போவுது. அன்னிக்கு வெடிச் சத்தத்துக்கு நடுவுல அந்தப் புள்ளையோட அழுகைதான் எனக்குக் கேட்டுச்சு. இப்ப சத்தமே இல்லாட்டியும் கேக்குது," என்றார். எல்லாம் நல்லபடியாகத்தானே முடிந்தது என்றேன். "நல்லபடியா முடிஞ்சது அல்லா புண்ணியம். முடியாமப் போயிருந்தா?" என்று கேட்டார்.

சலீம் பல மாதங்கள் மாமனாரோடு பேசவில்லை. தோற்றதை விட, அத்தனை பேர் முன்னால் தன் பக்கம் நிற்கவில்லை என்பதுதான் அவருக்கு ஆறவில்லை. மகளைப் பார்க்கப் போனால் ரவூப் பாய் வாசலோடு பேசித் திரும்பவேண்டியிருந்தது. அதை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். சொல்லும்போது கடைக்கு வந்த ஆளைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஒரு நோன்புப் பெருநாள் காலையில், பிறந்த பேரனைத் தூக்கிக்கொண்டு சலீமே வந்து நின்றார். இருவரும் அந்தப் போட்டியைப் பற்றிக் கடைசிவரை ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கோவிந்தராசு மட்டும் மாதம் ஒருமுறை ஏதாவது சாக்குச் சொல்லி அந்தக் கடைக்குப் போய்விடுவார். மில்லுக்கு எதற்கு அத்தனை போல்ட்டு என்று நான் கேட்பதில்லை.

செவ்வாய்க்கிழமை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெரு நிறைந்திருந்தது. கடைகளெல்லாம் கதவடைத்திருந்தன. ரவூப் பாயைப் பார்த்தேன். வெள்ளைத் துணிக்கு நடுவே அந்த முகம், யாருக்கோ காத்திருக்கும் முகம்போல இருந்தது. பள்ளிவாசலில் தொழுகை முடியும்வரை வெளியே நின்றோம். தூக்கும்போது சலீம் திரும்பி எங்களைப் பார்த்து, "வாங்க மாமா, வாங்கண்ணே, தோள் குடுங்க," என்றார். கொடுத்தோம்.

அடக்கம் முடிந்து கூட்டம் மெல்லக் கலைந்தது. சலீம் ஒரு குடத்துத் தண்ணீரைத் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை மெதுவாக ஊற்றிக்கொண்டு போனார். கடற்கரை மணல் அல்லவா, ஊற்ற ஊற்ற உறிஞ்சிக்கொண்டது. சலீமின் பேரன், மூன்று வயதிருக்கும், ஈரமணலில் கைவைக்கப் போனான். சலீம் தடுக்கவில்லை. சின்ன உள்ளங்கை அந்த மேட்டின்மேல் பதிந்தது.

ரவூப் பாய், கடலூரில் இறங்கினால் கால் தானாக உங்கள் கடைப் பக்கம் திரும்பும். அந்தக் காலை இனி எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. நிம்மதியாகப் படுத்திருங்கள். நாங்கள் புறப்படுகிறோம்.